கை நனைக்காத வீடு

உன் கறுப்புக் கோட்டு எனக்குக் கை எட்டவில்லை. தோளில் பிடிக்கிறது, மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே கை முடிந்துவிடுகிறது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்தேன். எழுபத்தாறு வயதுக் கிழவன் அடுத்தவன் கோட்டை மாட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் திரும்புவதை யாராவது பார்த்தால் ஊருக்கே சொல்லிச் சிரிப்பார்கள். கோட்டு முழுக்க அந்துருண்டை நெடி. நீ என்னைவிடக் குள்ளம் என்பது மறந்தே போயிருந்தது. உன்னை நான் ஜெயித்த ஒரே விஷயம் உயரம்தான், அதுவும் என் முயற்சியால் வந்ததில்லை.

இந்தக் கோட்டின்மேல் எனக்கு வெகுநாளாக ஒரு கண். நமக்கு ஆகாத அந்த நாட்டுக்கு நீ தூதராகப் போய், அவர்கள் அதிபர் கையில் நியமனப் பத்திரத்தைக் கொடுத்த அன்று போட்டிருந்தது இதுதான். படம் பேப்பரில் வந்தது. கூத்தாநல்லூர் கடைத்தெருவில் உரம் வாங்கப் போன இடத்தில் பார்த்தேன். "இவரு உங்க ஊர்ப் பக்கமாமே, தெரியுங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். "கேள்விப்பட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு மூட்டையை வண்டியில் ஏற்றச் சொன்னேன். ஒரே பலகையில் உட்கார்ந்து பதினோரு வருஷம் கூடப் படித்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறேனாம். வண்டி ஊர் வந்து சேருகிற வரைக்கும் அந்தக் கோட்டுதான் கண்ணில் நின்றது. அதற்குப் பெயர் பொறாமைதான். வேறு கௌரவமான பெயர் ஏதாவது கிடைக்குமா என்று இத்தனை வருஷமும் தேடினேன், கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை உன் மகள் இதைக் கொண்டுவந்து கொடுத்தாள். நீ கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. "அப்பா இதை உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க, பெரியப்பா" என்றாள். எப்போதோ ஒருமுறை, விளையாட்டுப்போல, "அந்தக் கோட்டு எனக்கு எப்படிடா இருக்கும்?" என்று கேட்டேன். அதை நீ ஞாபகம் வைத்திருந்திருக்கிறாய்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். நான் உனக்குச் செய்தது உனக்குத் தெரியுமாம். வேலையில் சேருவதற்கு முன்னாலிருந்தே தெரியுமாம்.

எழுதிவிடுகிறேன். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை, யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவி சாகும்வரை அவளிடமும் சொன்னதில்லை. உன் வேலைக்காகப் போலீஸ் விசாரணை வந்த அன்று உன்னைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் உன் உத்தரவு பதினாறு மாதம் தள்ளிப்போயிற்று. அதற்குள் உன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். உனக்கு இது தெரியாது என்ற தைரியத்தில்தான் ஐம்பது வருஷம் உன் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். தெரிந்துகொண்டே நீயும் சிரித்திருக்கிறாய். உன் மகள் சொன்னதும் எனக்கு முதலில் வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எதிரி நாட்டுக்காரனிடம் பழகுகிற மாதிரிதான் என்னிடமும் பழகினாயா, அத்தனை சிரிப்பும் உத்தியோகச் சிரிப்பா என்று கேட்கத் தோன்றியது. கேட்க நீ இல்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உங்கள் தெரு, இந்தப் பக்கம் எங்கள் தெரு. நடுவில் மதகு. எங்களுக்கு அப்போது எட்டு வேலி நிலம், ஐம்பது ஏக்கருக்கு மேல். உன் அப்பா எங்கள் பண்ணையில் ஆள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உன் நோட்டைப் பிடுங்கி என் மூக்குக்கு நேரே நீட்டி, "கையெழுத்துன்னா இது. நீ எழுதியிருக்கிறது கோழி கிளறின குப்பை" என்பார். ஏழாவது படிக்கும்போது நீ என்னைப் பங்காளி என்று கூப்பிட ஆரம்பித்தாய். ஒரு குழி நிலம் இல்லாதவன் நிலக்காரன் வீட்டுப் பிள்ளையைப் பங்காளி என்பதில் இருந்த குறும்பு எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியபோது நிறுத்தச் சொல்லவும் மனசு வரவில்லை. வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அறுப்புக் கூலித் தகராறு வந்தது நமக்குப் பத்தொன்பது வயதில். சென்னையில் ஆட்சி மாறிய புதிது. கோட்டையில் யார் வந்தால் என்ன, களத்தில் அதே மரக்கால்தானே என்று உங்கள் தெருவில் பேச்சு. அறுக்கிற ஒரு கலம் நெல்லுக்கு அரை மரக்கால் கூலி கூடக் கேட்டார்கள். எங்கள் தெரு முடியாது என்றது. வரப்பில் செங்கொடி நட்டார்கள். எங்கள் ஆட்கள் வெளியூரிலிருந்து பஸ்ஸில் ஆள் கொண்டுவருவதாக மிரட்டினார்கள். கோயில் வாசலில் போலீஸ் வண்டி நின்றது. சம்பா முற்றி, காற்றடித்தாலே மணி உதிர்ந்தது. இரண்டு நாள் போனால் யாருக்கும் ஒன்றுமில்லை என்ற நிலை. ஆனாலும் உங்கள் ஆட்கள் எங்கள் தெருவுக்குள் வரமாட்டார்கள், எங்கள் ஆட்கள் உங்கள் தெருவுக்குள் போகமாட்டார்கள். எங்கள் பக்கம் மதகிலிருந்து நூறடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தது. உங்கள் பக்கம் நூறடி தள்ளி வரப்பில் உட்கார்ந்தது. மதகு மேல் நாம் இரண்டு பேர். எங்கள் பக்கத்துப் பேச்சை நான் கொண்டுபோக வேண்டும், உங்கள் பக்கத்துப் பேச்சை நீ கொண்டுவர வேண்டும். காலேஜில் படிக்கிற பிள்ளைகள், நிதானமாகப் பேசுவார்கள் என்று நம்பினார்கள்.

நான் நிதானமாகத்தான் பேசினேன். எங்கப்பா, "நாலு நாள் பட்டினி கெடந்தா தன்னால வருவானுங்க" என்றார். போய் அப்படியே சொன்னேன். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. உங்கள் பக்கத்தில் நாலைந்து பேர் அரிவாளோடு எழுந்தார்கள். உன் அப்பாதான் குறுக்கே கையை நீட்டி உட்காரவைத்தார். அன்று மத்தியானமே இரண்டு பக்கமும் ஒன்றாகச் சொல்லிவிட்டது, பெரிய வீட்டுத் தம்பி ஓரமாக இருக்கட்டும், இவன் ஒருத்தனே போய்வரட்டும் என்று. பண்ணையாள் மகன் பண்ணைக்காரனுக்கும் தூது. நான் மதகுக் கட்டையில் உட்கார்ந்து நீ போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் எங்கப்பா ஒரு அண்டா புளிச்சோறு கிளறி மதகுக்கு அனுப்பினார். அதில் சூதில்லை; பசியோடு இருப்பவர்களிடம் பேச்சு ஓடாது என்று அவருக்குத் தெரியும். உன் அப்பா எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். "பேச்சு முடியட்டுங்கய்யா. அப்புறம் கை நனைக்கிறோம்" என்றார். மறுத்ததாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அதுதான் முறை. வழக்கு நிற்கிற இடத்தில் தண்ணீர் குடிக்கலாம், மோர் குடிக்கலாம், நாளெல்லாம் உட்கார்ந்து பேசலாம். சோற்றில் கை வைக்கக் கூடாது. கை வைத்தால் மனத்தாங்கல் தீர்ந்தது என்று அர்த்தம்.

வெயில் சாய்கிற நேரத்தில் கால் மரக்கால் என்று முடிவாயிற்று. ஆறிப்போன புளிச்சோற்றை எல்லாரும் மதகைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எங்கப்பா என்னைக் கூப்பிட்டு, நாலு பேர் முன்னால், "அவனப் பார்த்துக் கத்துக்கடா. பேச்சுன்னா அது" என்றார். என் ஆயுசில் எங்கப்பா என்னைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

திரும்பி வரும்போது எப்படிடா செய்தாய் என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் சொன்னதுல பாதியத் தண்ணியில விட்டுட்டேன் பங்காளி. மதகுக்குக் கீழ ஓடற தண்ணி எதுக்கு இருக்கு?" என்றாய். நான் சிரிக்கவில்லை. நீ சொன்னது நன்றாக இருந்தது, அதுதான் காரணம்.

டெல்லி வேலைக்கான பரீட்சையைச் சென்னையில் ஒரே லாட்ஜில் தங்கி எழுதினோம். நான் முதல் தடவை தேறவில்லை, இரண்டாம் தடவையும் தேறவில்லை. நீ தேறியது மட்டுமில்லை, வெளிநாட்டு உத்தியோகத்துக்கே தேறினாய். சேதி வந்த அன்று எங்கப்பா சாப்பிடும்போது சொன்னார்: "நம்ம ஆளு மவன் டெல்லிக்குப் போறான். நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கே." என் அம்மா ரசம் ஊற்றினாள்.

விசாரணைக்கு வந்தவர் மஃப்டியில், சைக்கிளில் வந்தார். காலை பத்து மணி இருக்கும். எங்கப்பா வயலுக்குப் போயிருந்தார். மோர் கொடுத்தேன். பையன் எப்படி என்றார். நல்லாப் படிப்பான் என்றேன். பழக்கவழக்கம் என்றார். ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்றேன். அதுவரை எல்லாம் உண்மை. அப்புறம், "அறுப்புத் தகராறுல இவனுக்கு எதுவும் சம்பந்தம் உண்டா?" என்று கேட்டுவிட்டு மோரைக் குடித்தார். அவர் குடித்து முடிக்கிற நேரம் எனக்கு இருந்தது.

"மறியலுக்கு ஆளைத் திரட்டினதே அவன்தான் சார். கொடி நட்டதும் அவன்தான்" என்றேன்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"கண்ணால பார்த்தேன்."

எழுதிக்கொண்டார். மோர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கொடி நட்டவர்கள் யார் யார் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு நீ தஞ்சாவூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். கொடி நடுவது பாவம் என்று நான் இன்றைக்கு நினைக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு சர்க்கார் ஃபைலை நிறுத்த அந்த ஒரு வரி போதும், அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

உன்னோடு தேறியவர்களெல்லாம் பயிற்சிக்குப் போனார்கள். உனக்குக் கடிதம் வரவில்லை. நீ சீர்காழியில் ஒரு டுடோரியலில் பாடம் நடத்தப் போனாய். உன் அப்பா தினமும் தபால் ஆபீசுக்கு வருவார். அது எங்கள் தெருக் கோடியில், எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். பதினொன்றரை மணிக்குப் பை வரும். அவர் பதினோரு மணிக்கே வந்து புங்கமரத்தடியில் நிற்பார். உள்ளே போகமாட்டார். தபால்காரர் வெளியே வந்து கையை விரித்துக் காட்டுவார். அவர் தலையை ஆட்டிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவார். ஒருநாள் எதிரே மாட்டிக்கொண்டேன். "சின்னய்யா, படிச்சவங்க நீங்க சொல்லுங்க. டெல்லியிலேருந்து வர்ற கடுதாசி வழியில எங்கயாச்சும் தங்குமா?" என்று கேட்டார். "வரும், வரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பதின்மூன்றாவது மாதம் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் மறுபடி ஒரு விசாரணை நடந்து, பதினாறாவது மாதம் கடிதம் வந்தது.

சேர்ந்த பிறகு நீ முதல்முறை ஊருக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்கு வாசல் வழியாக வந்தாய். அதுவரை கொல்லைப்புறம் வழியாகத்தான் வந்திருக்கிறாய். எங்கப்பா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து, "வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். கலெக்டர் வந்தபோதுகூட அவர் பாதிதான் எழுந்தார். அம்மா இலை போட்டாள். "இப்பத்தாம்மா வீட்டுல சாப்பிட்டேன். மோர் இருந்தாக் குடுங்க" என்றாய். மோர் என்றதும் நிமிர்ந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன், அதில் ஒன்றுமே இல்லை.

அதன்பின் ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்தாய். உச்சவரம்புச் சட்டத்திலும் பாகப் பிரிவினையிலும் எங்கள் எட்டு வேலி ஒன்றரை வேலியாகச் சுருங்கியது. நீ நாடு நாடாக வளர்ந்தாய். ஒவ்வொரு முறையும் என் மனைவி ஏதாவது சமைத்து வைப்பாள். ஒருமுறை சுகர் என்றாய். ஒருமுறை சாயங்காலம் பிளேன் என்றாய். ஒருமுறை அடுத்த தடவை கட்டாயம் என்றாய். காப்பி குடிப்பாய், இரண்டு மணி நேரம் பேசுவாய், போவாய்.

அந்த நாட்டில் இருந்த மூன்று வருஷத்தைப் பற்றி நீ சொன்னதெல்லாம் இந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான். உன் வீட்டு வாசலில் ஒரு கூண்டு, அதில் எப்போதும் ஒரு போலீஸ்காரன். சமையல்காரர் வாரத்துக்கு ஒருமுறை உன்னைப் பற்றி அவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவார். அவருடைய இடுப்புவலிக்கு நீ தைலம் வாங்கிக் கொடுப்பாய். போன் அடிக்கும், எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நம் எல்லையில் ஏதாவது நடந்தால் அங்கே உன் வீட்டுக்குப் பால் நின்றுவிடும். உன் மனைவி வீட்டு விஷயம் பேசவேண்டுமென்றால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் பேசுவாள். மகளை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கவில்லை. நீங்களே பாடம் சொல்லிக்கொடுத்தீர்கள். நீ வெளியே கிளம்பினால் பின்னால் ஒரு பச்சைக் கார் வரும். ஒருநாள் அந்தக் கார் பஞ்சராகி நின்றுவிட்டது. நீ உன் வண்டியை ஓரமாக நிறுத்தி, அவர்கள் சக்கரம் மாற்றுகிற வரைக்கும் காத்திருந்தாய். "நான் பாட்டுக்குப் போயிட்டா அவனுங்க வேலை போயிடும் பங்காளி. அவனுங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்ல."

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னை வேவு பார்க்க ஒரு நாடே ஆள் வைத்திருக்கிறது. என்னை வேவு பார்க்க ஒரு நாதியில்லை. நான் காலையில் எழுந்து மடை திறந்து, உரம் போட்டு, களை பார்த்து வீடு திரும்புவதை எவன் பின்னால் வந்து குறித்துக்கொள்ளப் போகிறான்? உன் கஷ்டத்தைக்கூட நான் பொறாமையோடுதான் கேட்டேன்.

ஒன்பது கப்பல்காரர்கள் கதையையும் அன்றுதான் சொன்னாய். நம் ஆட்கள் ஒன்பது பேரை உளவாளிகள் என்று பிடித்து வைத்திருந்தார்கள். நீ ஏழு மாதமாக மனுமேல் மனு கொடுத்தும் பார்க்க விடவில்லை. அந்தச் சமயத்தில் அவர்கள் மந்திரி ஒருவர் வீட்டில் பெரிய விருந்து. எல்லா நாட்டுத் தூதர்களும் போயிருந்தார்கள். உன் முன்னால் முழு ஆட்டுத் தொடையை வைத்தார்கள். நீ கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மந்திரி ஏன் என்று கேட்டார். எங்கள் ஊரில் வழக்கு தீராத வீட்டில் கை நனைக்க மாட்டோம், தண்ணீர் குடிப்போம், பேசுவோம், என் ஆட்கள் ஒன்பது பேர் உங்கள் காவலில் இருக்கிறார்கள் என்று சொன்னாய்.

அது தப்பாகப் போயிற்று. இந்த ஊரில் மரியாதையாக இருப்பது அங்கே அவமானமாக இருந்தது. எங்கள் சோற்றை இழிவு செய்தான் என்று மறுநாள் அவர்கள் பத்திரிகையில் கொட்டை எழுத்து. உன் வாசல் கதவில் கல் விழுந்தது. டெல்லியிலிருந்து விளக்கம் கேட்டார்கள். வேலை போயிற்று என்றே நினைத்ததாகச் சொன்னாய். கேட்டுக்கொண்டிருந்த எனக்குள் ஒருவன், போகட்டுமே என்று அப்போதும் சொன்னான். இரண்டு வாரம் கழித்து மந்திரியே போன் செய்தார். எங்கள் மலைப்பக்கக் கிராமத்திலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது என்று என் அம்மா சொல்கிறாள், வாருங்கள், முதலில் பேசலாம் என்றாராம். பேசி முடிக்க மேலும் மூன்று மாதம் ஆயிற்று. ஒன்பது பேரும் வந்தார்கள். "அப்புறம் அந்த ஆள் வீட்டுல உக்காந்து சாப்பிட்டேன் பாரு, ரெண்டு நாளைக்குப் பசிக்கல" என்றாய். "அங்கயும் மதகு வேலைதான் பங்காளி. பாதியத் தண்ணியில விடணும். எந்தப் பாதின்னு தெரியறதுக்குத்தான் சம்பளம்."

இந்தக் கதையை என் வீட்டில், என் மனைவி வைத்த சாப்பாட்டைத் தொடாமல், காப்பி மட்டும் குடித்துக்கொண்டு சொன்னாய். எனக்கு உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது. நீ போன பிறகு, "உங்க சிநேகிதர் இந்த வீட்டுல ஒரு பருக்கை தொட்டதில்ல, கவனிச்சீங்களா?" என்றாள். "சின்ன வயசுல கொல்லையில உக்காரவச்சுப் போட்டத மறந்திருக்க மாட்டான். இப்ப பெரிய மனுஷன் வேற. நம்ம வீட்டுச் சோறு இறங்குமா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் நீ வருகிற அன்றெல்லாம் சமைப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு ஆடியில், வெண்ணாற்றில் தண்ணீர் வந்த வாரம், சொல்லாமல் வந்து நின்றாய். என் மனைவி போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. சமைக்கிற அம்மா அன்று வரவில்லை. நான் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து பழைய சோற்றையும் சுண்டவைத்த நேற்றைய குழம்பையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சட்டையில்லாமல் அந்தக் கோலத்தில் உன் முன்னால் எழுந்து நிற்க வெட்கமாக இருந்தது.

"சொல்லிட்டு வரக்கூடாதா?"

"சொல்லிட்டு வந்தா நீ வீட்டுக்கு வெள்ளையடிச்சு வைப்பே. உக்காரு, சாப்பிடு."

எதிரே தரையிலேயே உட்கார்ந்தாய். முட்டி மடங்க நேரமாயிற்று. யாரோ உன்னை வாழ்க்கை வரலாறு எழுதச் சொல்கிறார்கள் என்றாய். எழுதப் போகிறாயா என்று கேட்டேன். "பாதியத் தண்ணியில விட்டவன் என்னத்த எழுதறது?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உடைந்தது. எழுத அத்தனை இருக்கிறவன் எழுதமாட்டேன் என்கிறான்; எழுத ஒன்றும் இல்லாதவன் எதிரே எச்சில் கையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

"உன்மேல எனக்குப் பொறாமைடா" என்றேன். "மதகுல எங்கப்பா உன்னச் சொன்னாங்க பாரு, அன்னிலேருந்து. இன்னிக்கி வரைக்கும். அதுல நான் செய்யக்கூடாதத எல்லாம்..."

நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். "உங்கப்பா..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. குழம்புச் சட்டியில் ஈ உட்கார்ந்தது, நீ கையால் ஓட்டினாய்.

"சரி. பேச்சு முடிஞ்சுது. சோத்தப் போடு" என்றாய்.

எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு வந்தாய். இரண்டு தடவை வாங்கி, நீராகாரத்தைத் தூக்கிக் குடித்து, சட்டியை வழித்துவிட்டாய். "இத இத்தனை வருஷமா எனக்குப் போடாம வச்சிருந்தியே" என்றாய். எனக்கு ஆத்திரம். ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தால், தூதர் ஐயா பேச்சு முடிந்தது என்று சபையைக் கலைத்துவிட்டார் என்று நினைத்தேன். சுகர்க்காரன் பழைய சோறு தின்கிறானே, என்ன ஆகுமோ என்றும் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை உன் மகள் கோட்டை என் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். "கடைசியா இங்க வந்துட்டுத் திரும்பினப்ப அம்மாகிட்ட, 'அவன் வீட்டுல கை நனைச்சிட்டேன்'னு சொன்னாங்க. அம்மா அழுதுட்டாங்க. ஏன்னு கேட்டேன். அப்பதான் அப்பா எனக்கு எல்லாம் சொன்னாங்க. ரெண்டாவது தடவை விசாரிக்க வந்தவரே அப்பாகிட்ட உங்க பேரைச் சொல்லிட்டாராம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் பாதியில் விழுங்கியதை நீ முழுசாகவே கேட்டிருக்கிறாய். உன் சிரிப்பு எது, உத்தியோகம் எது என்ற என் கேள்விக்கு அந்தக் குழம்புச் சட்டியில் பதில் இருந்திருக்கிறது. பங்காளி, உண்மையைச் சொல்லவா? அது விளங்கிய நிமிஷத்திலேயே உள்ளே ஒரு மூலையில் பழைய புகைச்சல் எழுந்தது. இதிலும் நீ முந்திக்கொண்டாய். நான் கேட்பதற்கு முன்னால் நீ கொடுத்துவிட்டாய். மன்னிப்புக் கேட்டவன் என்ற பெயராவது எனக்கு மிஞ்சியிருக்கலாம்.

"சாப்பிட்டுட்டுப் போம்மா. சாதம் வடிச்சிருக்கு" என்றேன்.

அவள் உட்காரவில்லை. "நீங்க சொல்லுங்க பெரியப்பா. அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்க வாயால கேக்கணும்."

சொன்னேன். சைக்கிளில் வந்தவர், மோர், கொடி, கண்ணால் பார்த்தேன் என்றது, எல்லாம். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை; மதகில் ஒருநாள் பேசினது போலவே. கேட்டு முடித்ததும், "தாத்தா தினமும் தபால் ஆபீசுக்கு வருவாங்களாமே, பார்த்திருக்கீங்களா?" என்றாள்.

"தினமும் பார்த்தேன்."

சொம்பிலிருந்து தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் குடித்தாள். டம்ளரை மெதுவாக வைத்தாள். "அப்பா தனக்காகச் சாப்பிட்டாங்க, பெரியப்பா. தாத்தாவுக்காக யாரு சாப்பிடறது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உன்னைப் போலவேதான் சொன்னாள். வாசல் வரை போய்த் திரும்பி, "அடுத்த தடவை வரேன்" என்றாள்.

எனக்குப் பிள்ளை இல்லை. இருந்து, எனக்காக ஒருத்தி இப்படி இன்னொரு வீட்டில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போயிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தபடி அவள் கார் தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். தபால் ஆபீஸ் இப்போது அங்கே இல்லை. புங்கமரம் இருக்கிறது. கார் அதற்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிற்று.

கோட்டை மறுபடி மடித்து, அந்துருண்டை போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். நீ ஐம்பது வருஷம் எடுத்துக்கொண்டாய். அவளுக்கு அவ்வளவு நாள் கொடுக்க என்னிடம் இல்லை. சமைக்கிற அம்மாவிடம் தினமும் ஒரு பிடி அரிசி கூடப் போடச் சொல்லியிருக்கிறேன். "யாருங்க வர்றாங்க?" என்று அவள் தினமும் கேட்கிறாள். "போடும்மா" என்கிறேன்.